ரோஜர்ஸா, பெக்கா: உளவளத்துணைக் கற்கையில் இரு அணுகுமுறைகள்

கொழும்பில் பாடசாலை உளவளத்துணையாளராகப் பயிற்சிபெறும் எனக்கு, முதுமாணிக் கற்கைநெறியில் அதிகம் பயன்பட்டவை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் சேவைநாடி மைய அணுகுமுறையும் (உதவி நாடி வருபவரையே மையமாகக் கொள்வது), உளமருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிகைச் சிகிச்சையுமே (துன்பம் தரும் எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற உதவுவது).

ரோஜர்ஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் வலியுறுத்திய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாத நேர்மை ஆகியவை வாசிக்க எளியவை. ஆனால், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் வெள்ளவத்தை மாணவியொருத்தி, நேர அட்டவணையின் ஓரத்தை மடிப்பதும் விரிப்பதுமாகப் பேசாமல் அமர்ந்திருக்கையில், அறிவுரை கூறத் துடிக்கும் நாவை அடக்கி அவளுடைய மௌனத்துக்கு இடங்கொடுப்பதற்கு நீண்ட பயிற்சி வேண்டும். பெரியவர் சொல்லப் பிள்ளை கேட்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது இன்னும் கடினம்.

பெக்கின் முறையோ உடனே கையாளக்கூடியது. நிகழ்வு, அப்போது எழுந்த எண்ணம், அதனால் உண்டான உணர்வு என்று நிரல்கள் வரைந்து, ‘கணிதத்தில் தவறினால் என் வாழ்க்கையே முடிந்தது’ என்ற எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர்ச்சான்று என்ன என்று மாணவியே எழுதிப் பார்க்கலாம். பரீட்சைப் பதற்றத்துக்கும் இடைவேளையில் கிடைக்கும் குறுகிய நேரத்துக்கும் அது பொருந்துகிறது. எனினும், வீட்டில் நடப்பதைச் சொல்ல அஞ்சும் பிள்ளையிடம் முதல் நாளே அந்தத் தாளை நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அவள் நம்பிப் பேசத் தொடங்கும்வரை ரோஜர்ஸின் வழியே தகுந்தது.