வெண்கல முயலும் குந்தியிருக்கும் பெண்ணும்: வாங்கலாமா?

விலங்குகளையும் மனித உடலையும் மட்டுமே வெண்கலத்தில் செய்கிற ஒரு சிற்பியிடம் இரண்டு சின்னச் சிலைகள் வாங்கினேன். முயல்தான் அசத்தல். ரோமம் ரோமமாக இழைக்கவில்லை, களிமண்ணில் கட்டைவிரல் அழுத்திய தடம்கூட அப்படியே வார்ப்பில் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பின்னங்காலைப் பார்த்தால் அடுத்த நொடி பாய்ந்துவிடும் என்றே தோன்றுகிறது. களிமண் மாதிரியை மெழுகில் பிரதியெடுத்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் இதுதான் வசதி, மெழுகில் இருக்கிற ரேகைவரை உலோகத்தில் இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் விலங்குச் சிலைகளுக்குப் பேர்போன பிரெஞ்சுச் சிற்பி பாரி, பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் வரைந்து பழகியவர். இந்த முயலைச் செய்தவரும் உயிருள்ள விலங்கைப் பார்த்துத்தான் செய்திருப்பார்.

பெண் சிலை பரவாயில்லை ரகம். முதுகும் தோளும் அருமை, கைவிரல்களில் சொதப்பிவிட்டார். முழங்காலுக்குப் பின்னால் பற்றவைத்த இடத்தைச் சரியாக ராவவில்லை, தடவினால் தட்டுப்படுகிறது. கேட்ட விலைக்கு இதைக் கவனித்திருக்க வேண்டும்.

இந்தச் சிலைகளின் பழுப்பு நிறம் பெயிண்ட் இல்லை, சூடாக்கி ரசாயனம் தடவி வரவைப்பது, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நிறம் போயே போய்விடும். மெல்லிய துணி போதும். அப்புறம், மொத்தம் எத்தனை பிரதி வார்க்கப் போகிறார் என்று முதலிலேயே கேளுங்கள். 3/12 என்று பொறித்திருந்தால் பன்னிரண்டில் மூன்றாவது. எண்ணே இல்லையென்றால் தாராளமாகப் பேரம் பேசலாம்.