ஏ9 வீதியோரத்தில் 'மழைக்காட்டுக் குட்டிக் கமுகு' வாங்குவோர் கவனத்திற்கு

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வாகனத்தில் கன்றுகளை அடுக்கி விற்கும் ஒருவரிடம், இந்தப் பெயரில் ஒரு கன்றை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வறண்ட தென்மேற்குச் சோளகக் காற்றைத் தாங்குமா என்று குறிப்பாகக் கேட்டபோது, சிட்னித் தோட்டமொன்றில் அது செழித்து நிற்கும் படத்தைக் கைபேசியில் காட்டி, "அவுஸ்திரேலியாக் குளிரையே தாங்கிற கன்று அண்ணை, எங்கட வெயில் இதை என்ன செய்யும்? வாழை மாதிரிக் குட்டியும் வைக்கும், பிரிச்சு நடலாம். பட்டுப்போனா மாத்தித் தாறன்" என்றார்.

அதன் உண்மைப் பெயர் கமடோரியா எலிகன்ஸ். தென் மெக்சிக்கோ, குவாத்தமாலா மழைக்காடுகளில் பெருமரங்களுக்குக் கீழே, இலைமக்கு நிறைந்த ஈரமண்ணில் வளரும் சிறு பனையினம் அது. சிட்னி போன்ற மிதவெப்ப நகரங்களில், உறைபனி படாத நிழல் மூலைகளில் அது வெளியிலும் வளர்வது உண்மைதான். ஆனால் மிதமான குளிரைத் தாங்குவது வேறு, ஈரமற்ற காற்றைத் தாங்குவது வேறு. மாமர நிழலில், தும்புச்சோறும் மாட்டெருவும் கலந்த மண்ணில் வைத்துக் காலையும் மாலையும் நீரூற்றியும், சோளகம் தொடங்கியதும் இலைநுனிகள் கருகின. பின்னர் இலைகளின் அடிப்புறத்தில் தூசிபோல மெல்லிய வலை படர்ந்தது. வறண்ட காற்றில் இவ்வினத்தை விரைவாகப் பற்றும் சிவப்புச் சிலந்திப்பேன்தான் அது. கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் எமது கிணற்றுநீரால், புதிதாக விரிந்த இலைகளும் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றெல்லாம் மஞ்சளாகவே வந்தன.

பட்டுப்போனதைக் கிளப்பிப் பார்த்தபோதுதான் பெரிய ஏமாற்று வெளிப்பட்டது. புதர்போல அடர்ந்து நின்றது ஒரு கன்றே அல்ல. வேர்கள் பின்னிக்கிடந்த பல விதைநாற்றுகள். இந்த இனம் ஒற்றைத் தண்டோடு வளர்வது. குட்டி வைப்பதே இல்லை. சாடி நிறைவாகத் தெரிவதற்காக நாற்றுகளைச் சேர்த்து நடுவது வழமைதான் என்றாலும், பிரித்து நடலாம் என்று பொய் சொல்லி அதற்கும் சேர்த்து விலை வாங்கியதை மன்னிக்க முடியவில்லை.

மாற்றித் தரக் கேட்டபோது, தண்ணீர் கூடிவிட்டதென்று பழியை என்மேல் போட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அதே இடத்தில் இன்றும் விற்கிறார். பணம் கொடுக்குமுன் அடிமண்ணை விரலால் விலக்கித் தண்டுகளை எண்ணுங்கள். வாக்குறுதியைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வளவுக்குச் சிறு பனையினம்தான் வேண்டுமென்றால், எவரும் நீரூற்றாமலே எமது பற்றைக்காடுகளில் நிற்கும் ஈச்சை இருக்கிறது. கமடோரியாவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைச் சாடியிலேயே விட்டு, காற்று அடிக்காத உள்விறாந்தையில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றி, இலைகளின் அடிப்புறத்தை அடிக்கடி கழுவி வந்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு.