கோத்தகிரிப் பனியில் பி.எம். 2.5 மீட்டர்

பி.எம். 2.5 என்ற, மூச்சில் நுழையும் நுண்துகள்களைக் காற்றில் அளக்கும் கையடக்க லேசர் மீட்டர் நம் மலைவீட்டுச் சமையலறைக்கு நன்றாகவே உதவும். வெளியே, பனிமூட்டத்தில், அதை நம்பக்கூடாது. ஒளியைச் சிதறடிப்பது புகைத்துகளா நீர்த்துளியா என்று அதற்குத் தெரியாது. ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான காற்றிலும் எண் எகிறும். அதனால் ஈரப்பதமும் காட்டும் மாடலையே வாங்குங்கள்.

அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சமைப்பவரின் மூக்கு உயரத்தில் வையுங்கள். உள்விசிறி நிலைப்பட அரை நிமிடம் விட்டு, 10 நிமிடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஈரமான கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகை எரித்து அளந்து பாருங்கள், அடுத்த நாள் காய்ந்ததை. வித்தியாசம் திரையிலேயே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேரச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 60. காற்று நுழையும் துளையில் கரி படிந்தால் கணக்கு தவறும், மென்மையான பிரஷ்ஷால் துடைக்கவும்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி இந்தப் புகையை அளந்தார். அவரைப் போன்றவர்களுக்கு விழா எடுக்கும் பள்ளி அறிவியல் மன்றங்கள், மாலைக்கும் பேனருக்கும் ஆகும் காசில் இப்படி ஒரு மீட்டர் வாங்கி, வாரம் ஒரு வீடாகச் சுற்றுக்கு விடலாம்.