கவ்இன்ஃபோவில் 1919 செனட் விவாதம்: தேடுபெட்டியை நம்பாதீர்கள்

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா பன்னாட்டுச் சங்கத்தில் சேரலாமா கூடாதா என்று செனட்டில் நடந்த சண்டையை மூலத்திலேயே படிக்க விரும்புவோருக்கு, அந்நாட்டு அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ தளம் நல்ல இடம். காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்டின் பைண்டு தொகுதிகள் பிடிஎஃப்பாக இருக்கின்றன. நமக்கு வேண்டியது தொகுதி 58 (1919 மே–நவம்பர்), தொகுதி 59 (1919 டிசம்பர்–1920 ஜூன்).

தேடுபெட்டிதான் பலவீனம். பழைய அச்சை ஸ்கேன் செய்து எழுத்துணரி வழியாக எடுத்த உரை என்பதால், வரிக்கடைசியில் உடைந்த சொற்கள் நழுவிவிடும். தேதியைப் பிடித்துப் போவதே மேல். 1919 ஜூலை 10: அதிபர் வில்சன், பன்னாட்டுச் சங்க விதிகளும் அடங்கிய வெர்சாய் அமைதி ஒப்பந்தத்தைச் செனட்டில் வைக்கிறார். ஆகஸ்ட் 12: செனட் வெளியுறவுக் குழுத் தலைவர் லாட்ஜின் நீண்ட பேச்சு, பக்கம் 3778 முதல். நவம்பர் 15: விவாதத்தை முடித்துவைக்கும் விதி செனட்டில் முதன்முதலாகப் பயன்படுத்தப்படுகிறது. நவம்பர் 19: வாக்கெடுப்பு.

புதிதாகப் படிப்பவர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேச்சும் 'மிஸ்டர் பிரசிடென்ட்' என்று தொடங்கும். அது வில்சனை அல்ல, அவைத்தலைவரை விளிப்பது!

நவம்பர் 19-ஐ அவசரமாகப் புரட்டக் கூடாது. ஒப்பந்தத்தை லாட்ஜின் நிபந்தனைகளோடு ஏற்கும் தீர்மானம் 39–55 என்று தோற்கிறது, மறுபரிசீலனையிலும் தோற்கிறது, நிபந்தனை இல்லாமல் வந்ததும் 38–53. எண்களோடு நிற்காமல் பெயர்ப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் 'வேண்டாம்' என்ற வில்சன் ஆதரவாளர்கள் கடைசியில் 'வேண்டும்' என்கிறார்கள். செனட்டர் போரா போன்ற ஒரு சிறு கூட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'. 1920 மார்ச் 19-இல் நிபந்தனைகளோடு மறுபடி வாக்கெடுப்பு: 49–35. பெரும்பான்மை இருந்தும் தோல்விதான். ஒப்பந்தத்தை ஏற்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை; 84 பேரில் அது 56, ஏழு குறைவு.

உறுப்பு நாடுகளின் எல்லைகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கச் சொல்லும் சங்க விதிகளின் 10-ஆவது ஷரத்து பற்றிய வாதம் சலிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும். நம் வாசகருக்குச் சுவையானது சங்கத்தில் பிரிட்டிஷ் பேரரசுக்குக் கிடைக்கும் ஆறு வாக்குகள் பற்றிய சச்சரவு. அடிமை நாடான இந்தியாவுக்கும் ஒரு வாக்கா என்ற கேள்வி அதில் அடக்கம்.

வெளியுறவுக் குழுவின் விசாரணைகளை இந்தத் தொகுதிகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை செனட் ஆவணம் 106 என்று தனியாக அச்சானவை.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் 1945 ஜூலை 28-க்குப் போகலாம்: ஐ.நா. சாசனம், 89–2. அதைப் படிக்க ஒரு வாரக்கடைசி போதும். எதுவானாலும் போனில் திறக்காதீர்கள். பொடி எழுத்து, பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடும்.