ஹேக்கர் மிரட்டல் ஆவணங்கள்: எஃப்.பி.ஐ.யிடம் கேட்பதா, உள்ளூர் போலீஸிடம் கேட்பதா?

ஹேக்கர்கள் போலீஸைக் குறிவைத்தபோது போலீஸ் உள்ளே என்ன செய்தது? டெக்சாஸில் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ள முறையான வழிகள் இரண்டு. ஒன்று, மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டமான ஃபோயாவின் கீழ் எஃப்.பி.ஐ.யிடம் மனுப் போடுவது. இன்னொன்று, டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் நகரப் போலீஸிடமோ கவுண்டி ஷெரிஃபிடமோ கேட்பது. மத்திய வழி, மாநில வழி இரண்டிலும் மனுப் போட்டிருக்கிறேன். இன்றைக்கு யாராவது கேட்டால் உள்ளூர் போலீஸிடம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

டெக்சாஸ்காரர்களுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. 2011 செப்டம்பர் 1 அன்று ஆன்டிசெக் என்ற ஹேக்கர் குழு டெக்சாஸ் போலீஸ் தலைவர்கள் சங்கத்தின் இணையதளத்தைத் தாக்கி, இருபதுக்கும் மேற்பட்ட போலீஸ் தலைவர்களின் மின்னஞ்சல்களை வெளியே கொட்டியது. 2015 ஏப்ரலில், ஹேக்கர் குழுக்கள் காவலர்களின் சொந்த விவரங்களைத் தோண்டி இணையத்தில் போடக்கூடும் என்று எஃப்.பி.ஐ. வெளிப்படையாகவே எச்சரித்தது. 2020 ஜூனில் புளூலீக்ஸ் என்ற பெரிய ஆவணக் கசிவு வந்தது. 200க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் 269 ஜிகாபைட் ஆவணங்கள் அப்படியே வெளியாயின. அவை கசிந்தது ஹூஸ்டனில் உள்ள நெட்சென்ஷியல் என்ற இணைய சேவை நிறுவனத்திலிருந்து. போலீஸை நம்பிப் பொதுமக்கள் கொடுத்த தகவல்களும் அந்தக் குவியலில் இருந்தன. அதனால்தான் எனக்கு இந்த அக்கறை. எச்சரிக்கை கைக்கு வந்தபிறகு நம் ஊர் போலீஸ் பாதுகாப்பைக் கூட்டியதா, கசிந்தபின் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொன்னதா என்று கேட்கும் உரிமை அந்த ஊரில் வரி கட்டும் எவருக்கும் உண்டு.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வணிக நோக்கமின்றிக் கேட்பவருக்கு ஃபோயாவில் முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். டெக்சாஸில் சாதாரண நகல் பக்கத்துக்கு 10 சென்ட், செலவு 40 டாலரைத் தாண்டும் என்றால் துறை முன்கூட்டியே கணக்கு எழுதித் தர வேண்டும். இரண்டிலும் குடியுரிமை தேவையில்லை, விசாவில் இருப்பவரும் கேட்கலாம். இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்பதால், நம்மவர்கள் பலர் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். அதிகாரிகள் பதில் சொல்லாமல் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

ஃபோயாவில் நஷ்டம் கேட்டவருக்கு. சட்டப்படி 20 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், நீங்கள் மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். வழக்குப் பதியவே 405 டாலர், வக்கீல் செலவு தனி. வழக்குப் போட முடியாதவர் காத்திருக்க வேண்டியதுதான். மறுப்பு வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதை விசாரிப்பதும் நீதித்துறை அமைச்சகத்தின் ஒரு பிரிவுதான். எஃப்.பி.ஐ.யும் அதே அமைச்சகத்துக்குள்தான் இருக்கிறது.

டெக்சாஸ் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. போலீஸ் தானாக 'தர மாட்டேன்' என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. மறைக்க விரும்பினால் 10 வேலை நாளுக்குள் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலுக்கு எழுதி அனுமதி கேட்க வேண்டும். 15 வேலை நாளுக்குள் ஏன் மறைக்க வேண்டும் என்ற வாதத்தையும், மறைக்க விரும்பும் ஆவணங்களையோ அவற்றின் மாதிரியையோ அனுப்ப வேண்டும். வாதத்தின் நகல் உங்களுக்கும் வரும். நீங்களும் உங்கள் தரப்பை எழுதி அனுப்பலாம், செலவு தபால்தலைதான். அட்டர்னி ஜெனரல் 45 வேலை நாளுக்குள் தீர்ப்புக் கடிதம் தர வேண்டும், அவசியப்பட்டால் இன்னும் 10 நாள் எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் கெடுவைத் தவறவிட்டால் அந்த ஆவணம் பொது ஆவணம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு மறைக்க வேண்டுமானால் வலுவான காரணம் காட்ட வேண்டும்.

ஒரு நகரப் போலீஸ் பிரிவிடம் நான் கேட்டபோது முதலில் வந்தது முழு மறுப்புக் கோரிக்கை. அட்டர்னி ஜெனரலின் கடிதம் வந்ததும் பாதி கைக்கு வந்தது. காவலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, சமூக ஊடகக் கணக்குகளை எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பு, ஒரு ரசீது. பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் எச்சரிக்கை வந்த தேதியும் சுற்றறிக்கை போன தேதியும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தன. நான் தேடியதும் அதைத்தான்.

எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை. விசாரணையைக் கெடுக்கும் தகவலை மறைக்க டெக்சாஸ் சட்டத்தின் 552.108 பிரிவு இடம் தருகிறது. தண்டனையில் முடியாத வழக்குகளின் கோப்பும் அதில் அடங்கும். ஹேக்கர் வழக்குகளில் பெரும்பாலும் யாரும் பிடிபடுவதில்லை என்பதால் இது நம்மை நேரடியாக உரசும். அப்போதும் சம்பவத்தின் அடிப்படை விவரத்தைத் தந்தே ஆக வேண்டும். 1975-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் ஹூஸ்டன் நகரத்தின் மீது தொடுத்த வழக்கிலிருந்து வந்த உரிமை அது. கணினிப் பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிய தகவலை 552.139 மறைக்கிறது. காவலர்களின் வீட்டு முகவரி, குடும்ப விவரம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அதைக் கேட்கவே கேட்காதீர்கள். 2014-இல் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசனில் காவலர் ஒருவர் ஒரு இளைஞரைச் சுட்டுக் கொன்றதை அடுத்து வந்த கலவரத்தின்போது, அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டத்தின் பெயரில் இயங்கியவர்கள் சுட்ட காவலர் இவர்தான் என்று சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயரைப் போட்டார்கள். அந்த ஆபத்து நிஜம்.

செலவுக் கணக்கை மட்டும் தனி மனுவாகக் கேளுங்கள் என்பது என் யோசனை. காவலர்களுக்கு அடையாளத் திருட்டுப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தார்களா, புது சர்வருக்கு எவ்வளவு ஆனது என்பவை ஒப்பந்தத்திலும் ரசீதிலும் இருக்கும். பொதுப்பணம் செலவான ஆவணங்களை 552.022 பிரிவு தனியாகப் பாதுகாக்கிறது. விசாரணை நடக்கிறது என்ற காரணம் மட்டும் அங்கே எடுபடாது.

சரி, எஃப்.பி.ஐ. வழியே வேண்டாமா? மிரட்டல் பல மாநிலங்களைத் தொட்டது, வழக்கு முடிந்து தண்டனையும் ஆகிவிட்டது என்றால் முழுக் கோப்பும் அங்கேதான் இருக்கும். உள்ளூர் போலீஸ் கையில் இருப்பது அதன் ஒரு ஓரம். ஆனால் காவல் ஆவணங்களை மறைக்க ஃபோயா இடம் தரும் விதிவிலக்கு 7-இன் உட்பிரிவுகள் இந்த விஷயத்துக்கென்றே எழுதியது போல இருக்கும்: நடக்கும் விசாரணை, தனிநபர் அந்தரங்கம், துப்புக் கொடுத்தவர், துப்பறியும் உத்தி, உயிராபத்து. அதோடு, ஆவணம் 'இருக்கிறது என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம்' என்ற க்ளோமர் பதிலும் உண்டு. 1970களில் சி.ஐ.ஏ.வின் க்ளோமர் என்ற கப்பலைப் பற்றிக் கேட்டபோது பிறந்த பதில் அது. மத்திய வழியில் நான் நீதிமன்றம் வரை போனதில்லை. வக்கீல் துணையோடு போகிறவர்களுக்கு அந்த வழி நான் சொல்வதைவிட நன்றாகவே பலன் தரலாம்.

உள்ளூர் வழிக்கும் பராமரிப்பு உண்டு. அந்தத் துறை அறிவித்திருக்கும் மின்னஞ்சலுக்கோ முகவரிக்கோதான் மனு போக வேண்டும். தெரிந்த அதிகாரிக்கு அனுப்பினால் 10 நாள் கெடு ஓடத் தொடங்காது. அப்புறம், 'ஹேக்கர்கள் பற்றிய எல்லாம்' என்று எழுதாதீர்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, யாருடைய மின்னஞ்சல், எந்தச் சொற்கள் என்று குறுக்குங்கள். மனு தெளிவாக இல்லை என்று அவர்கள் நல்லெண்ணத்தோடு விளக்கம் கேட்டால், உங்கள் பதில் போன நாளிலிருந்து கெடு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். 2010-இல் டல்லாஸ் நகர வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விளக்கக் கடிதத்துக்கு 61 நாளுக்குள் பதில் போடாவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றதாகவே கணக்கு. 40 டாலரைத் தாண்டும் கட்டணத்துக்கான முன்கணக்கு வந்தால், பதில் சொல்ல உங்களுக்கு இருப்பது 10 வேலை நாள்தான். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.