உயிரியலா, உயிர்முறைமைகளா, கணினித் திரையா? திருகோணமலை மாணவரின் கைக்கு வேலை கொடுப்பது எது

சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும், விஞ்ஞானத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளை உள்ள திருகோணமலை வீடுகளில் ஒரு கேள்வி எழும். உயர்தரத்தில் உயிரியலா, தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலா? பெரும்பாலும் பேச்சு நீள்வதில்லை. மருத்துவர் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றது தள்ளுபடியாகிவிடும். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: ஆய்வுகூடம் எதற்கு, எல்லாவற்றையும் இணையத்தில் செய்து பழகலாமே என்ற எண்ணம்.

கௌரவம், சம்பளம், பல்கலைக்கழக அனுமதி ஆகியவற்றை வைத்து இவற்றை ஒப்பிடுவோர் ஏராளம். நான் ஒரே ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். உயர்தரம் முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு, உயிர்த்தொழினுட்ப ஆய்வுகூடம் ஒன்றில் நின்று வேலை செய்யும் கைப்பழக்கம் வந்திருக்குமா?

அந்தப் பழக்கம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவியான மைக்ரோபிப்பெற்றின் குமிழை முதல் தடை வரை அழுத்தித் திரவத்தை உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாம் தடை வரை அழுத்த வேண்டும். வாசிப்பதற்கு இது ஒரு வரி. தவறாமல் செய்வதற்கு வாரக்கணக்கில் பழக வேண்டும். 1,000 மைக்ரோலீற்றர் நீரின் நிறை ஏறத்தாழ 1 கிராம் என்பதால், எடுத்த நீரைத் தராசில் விட்டதும் கை சரியாக இயங்கியதா என்பது தெரிந்துவிடும். பத்து முறை எடுத்துப் பத்து நிறைகளையும் எழுதி, அவை தமக்குள் எவ்வளவு விலகுகின்றன என்று கணக்கிடும் மாணவருக்கு, பரிசோதனை வழு என்றால் என்ன என்று எவரும் விளக்கத் தேவையில்லை. வளைய ஊசியைச் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்ட பிறகே நுண்ணுயிர் வளர்ப்பைத் தொடுவது, பெத்திரிக் கிண்ணத்தின் மூடியை முழுதாகத் தூக்காமல் சரித்துப் பிடிப்பது, ஆவி ஒடுங்கிச் சொட்டாதபடி கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பது எல்லாம் இந்த வகைதான். நமது கடற்கரை ஈரக்காற்றில், மூடியைச் சற்றுக் கூடுதலாகத் திறந்துவைத்தால் இரண்டு நாளில் பூஞ்சணம் வந்து தவறைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உயர்தர உயிரியலில் அறிவுக்குக் குறைவில்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் பத்து அலகுகள் உள்ளன. மூலக்கூற்று உயிரியலும் மீளச்சேர்க்கை டீ.என்.ஏ. தொழினுட்பமும் சேர்ந்து ஓர் அலகு, நுண்ணுயிரியலுக்குத் தனி அலகு. இரசாயனவியல் கூடவே வருகிறது. டீ.என்.ஏ.யை வெட்டும் நொதியம் எங்கே, எப்படி வெட்டுகிறது என்பதை இவ்வளவு ஆழமாகப் பாடசாலையில் கற்பிக்கும் வேறு பிரிவு இந்நாட்டில் இல்லை. கோட்பாட்டை மட்டும் பார்த்தால் ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

சிக்கல் பரீட்சையில் இருக்கிறது. உயிரியலுக்குத் தனிச் செயன்முறைப் பரீட்சை கிடையாது. முதலாம் வினாத்தாளில் ஐம்பது பல்தேர்வு வினாக்கள். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும். செயன்முறை பற்றிய வினாவும் தாளில்தான் வரும், விடையும் தாளில்தான் எழுதப்படும். ஆகவே தனியார் வகுப்புகளில் பரிசோதனையின் முடிவைக் குறிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். நுணுக்குக்காட்டியின் நுண்செப்பஞ்செய் திருகைத் தொடாமலேயே, வெங்காய உரியின் கலங்களை அழகாக வரைந்து முழுப்புள்ளி வாங்கிவிடலாம். இதற்காகப் பிள்ளைகளையோ ஆசிரியர்களையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் மூன்றாம் தசமத்துக்குப் போட்டியிடும் ஒருவர், புள்ளி கிடைக்காத வேலையில் ஒரு பிற்பகலை எப்படிச் செலவிடுவார்?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. இந்த ஒதுக்கீடு நியாயமானது, தேவையானது. ஆனால் அதன் வழியாக உள்ளே போகும் நமது பிள்ளை, பாடசாலையிலேயே நியமிப்புகளை (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மற்றதன் செறிவை அளப்பதை) செய்து பழகிய கொழும்பு மாணவரின் பக்கத்தில் நின்று முதன்முறையாக அளவியைத் திறக்க நேரலாம். அனுமதி கிடைக்காதவர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. எண்ணிக்கையிலும் அவர்களே அதிகம். கையில் ஒரு வேலைத்திறனும் இல்லாமல், நிறைந்த குறிப்புக் கொப்பிகளோடு அவர்கள் வெளியே வருகிறார்கள்.

தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. அதன் முதல் பரீட்சை 2015இல் நடந்தது. உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம். மூன்றாவது பாடத்தை ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யலாம், பலர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுக்கிறார்கள். பரப்பு மிக அகலம்: மண், நீர், நாற்றுமேடை, இழைய வளர்ப்பு, பால் பதப்படுத்தல், உணவு பாதுகாத்தல், நீருயிரின வளர்ப்பு. டீ.என்.ஏ. என்று வரும்போது உயிரியல் பிரிவின் ஆழம் இங்கே இல்லை. ஆனால் செயன்முறைக்கென்று தனிப் பரீட்சை இருக்கிறது. பரீட்சகர் முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டும் என்ற ஒரே காரணத்தால், ஆய்வுகூடக் கதவு திறந்தே ஆகவேண்டியிருக்கிறது. இழைய வளர்ப்புக்கு ஊடகம் தயாரிப்பவர் நிறுத்தலையும் கரைத்தலையும் பிஎச் சரிசெய்தலையும் கிருமியழித்தலையும் ஒரே வேலையில் கற்றுக்கொள்கிறார். 121 பாகை செல்சியசில் பதினைந்து நிமிடம் வைத்தும் கிருமி தப்பிவிட்டதென்றால், போத்தலை அளவுக்கு மேல் நிரப்பினோமா, உள்ளே இருந்த காற்று முழுதாக வெளியேறியதா என்று தேடிப்பார்க்கவும் பழகுகிறார். இதுதான் உயிர்த்தொழினுட்ப நிறுவனங்களில் அன்றாட வேலை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. மூதூரிலோ குச்சவெளியிலோ இருக்கும் பிள்ளைக்குத் தினமும் பஸ் பயணம் தேவைப்படலாம். மருத்துவ பீடத்துக்கு இந்த வழியில் போக முடியாது. பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடங்களின் வாசல் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய பீடம் இயங்குகின்றன. புள்ளி குறைந்தவர்களின் பிரிவு என்ற பேச்சும் ஊரில் உண்டு. அந்தப் பேச்சு எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கிருமியற்ற சூழலில் கையை நடுங்காமல் வைத்திருக்கத் தெரிந்தவரைத் தாழ்த்திப் பார்க்கும் ஊர், மருத்துவமனையில் தன் இரத்த மாதிரியை யார் பரிசோதிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே மருத்துவமோ தூய உயிரியலோ உறுதியான இலக்காக இல்லாத பிள்ளைக்கு, ஆய்வுகூடம் உண்மையில் இயங்கும் பாடசாலையாக இருந்தால், உயிர்முறைமைகளையே தெரிவு செய்யச் சொல்வேன். ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தால் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

அமெரிக்காவைப் பார்த்துச் சிலர் ஏங்குகிறார்கள். கலிபோர்னியாவின் சான் மெற்றியோ உயர்பாடசாலை போன்ற இடங்களில் 1990களிலிருந்தே உயிர்த்தொழினுட்பம் பல ஆண்டுப் பாடநெறியாக நடக்கிறது. அங்குள்ள பாடசாலைகளில் பரவலாகச் செய்யப்படும் பரிசோதனை ஒன்றில், ஒளிரும் சொறிமுட்டையின் (ஜெலிமீனின்) பச்சைப் புரத மரபணுவை பற்றீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். பனிக்கட்டியில் வைத்த கலங்களை 42 பாகையில் ஐம்பது விநாடி வைத்து, உடனே மீண்டும் பனிக்கட்டிக்கு மாற்றுகிறார்கள். மறுநாள் புறவூதா ஒளியில் கிண்ணம் பச்சையாக ஒளிர்கிறது. அந்தப் புரதத்தை 1962இல் பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுராவுக்கு, வேறு இருவரோடு சேர்த்து 2008இல் நொபெல் பரிசு கிடைத்தது. பார்த்தால் மறக்க முடியாத பரிசோதனைதான். ஆனால் அதற்கான பொருள்களைக் குளிர் குறையாமல் கொழும்பிலிருந்து கொண்டுவருவதும், மின்தடையைத் தாண்டி வைத்திருப்பதும், நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட அந்தப் பற்றீரியாவைக் கொன்ற பின்னரே அப்புறப்படுத்துவதும் நமது பாடசாலைகளுக்குப் பெருஞ்சுமை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சொறிமுட்டை மரபணு அல்ல. ஒரே திறனைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரம் ஒதுக்குவதும், அழிக்காமல் மையால் எழுதும் ஆய்வுகூடக் குறிப்பேடும்தான். இரண்டுக்கும் பணம் தேவையில்லை.

கணினி வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லாப்ஸ்டர், லாப்எக்ஸ்சேஞ்ச் போன்ற மெய்நிகர் ஆய்வுகூடங்கள் முன்தயாரிப்புக்கு நல்லவை. விலையுயர்ந்த பொறி எப்படி இயங்குகிறது, எந்தப் படிக்குப் பிறகு எது வரும் என்பதை இரவில் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு வரலாம். ஆனால் திரையில் சொடுக்கினால் திரவம் எப்போதும் சரியான அளவில்தான் இறங்கும். கை தவறுவதற்கு அங்கே இடமில்லை. கை தவறாமல் கற்றுக்கொள்வதற்கும் இடமில்லை.

இப்படிச் சொல்வதால், உயிரியல் பிரிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளை மனம் தளர வேண்டாம். விடுபட்ட கைப்பழக்கத்தில் பெரும்பகுதியை இங்கேயே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மீட்கலாம். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றே ஒரு தவணைக்குப் போதுமான நுண்ணுயிரியல். துளித் தயிரை நீரில் கரைத்து வழுக்கியில் பூசி, சுடரில் பதித்து, கிராம் சாயமிடலாம்: பளிங்கு ஊதா, அயடீன், மதுசாரம், சஃப்ரனின். தயிரின் பற்றீரியாக்கள் கோல்களாகவும் மணிச்சங்கிலிகளாகவும் ஊதா நிறத்தில் தெரிய வேண்டும். மதுசாரத்தை அளவுக்கு மேல் ஓடவிட்டால் ஊதா கழுவப்பட்டு இளஞ்சிவப்பாகிவிடும். ஹான்ஸ் கிறிஸ்ரியன் கிராம் 1884இல் வெளியிட்ட இந்த முறையை, நூற்றுநாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சில விநாடிகளின் கவனமே காப்பாற்றுகிறது. அடுத்த கிழமை, பாலில் உறை ஊற்றி, மணிக்கொரு முறை மாதிரி எடுத்து, பினோத்தலின் விட்டு, சோடியம் ஐதரொட்சைட்டால் நியமித்துப் பாருங்கள். இலற்றிக் அமிலம் ஏறும் வளைகோடு கிடைக்கும். உயிரியலும் இரசாயனவியலும் ஒரே வரைபில்.

வளர்ப்பு ஊடகத்தை உறையவைக்கும் ஏகார் வேண்டுமா? நோன்பு காலத்தில் நமது கடைகளில் குவியும் கடற்பாசி அதுதான். 1881இல் ஜெர்மனியில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்துக்கு ஏகாரைக் கொண்டுசேர்த்தவர் ஃபனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. ஜாவாவில் வாழ்ந்த அயலவரிடமிருந்து கேட்டறிந்து, வெயிலிலும் உருகாத இனிப்புச் செய்ய அவர் அதைப் பயன்படுத்தி வந்தார். அதே கடற்பாசியைச் சோடாத்தூள் கரைசலில் காய்ச்சி உறையவிட்டு, 9 வோல்ற் மின்கலங்கள் ஐந்தைத் தொடராக இணைத்தால், கேசரித் தூள் சாயங்களை நேர்முனை நோக்கி ஓடவிடலாம். டீ.என்.ஏ.யும் எதிரேற்றம் கொண்டது என்பதால் அதே திசையில்தான் ஓடும். கிணற்று விளிம்பில் வெப்பமானியோடு நின்று கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் மும்முறை அளந்து அட்டவணைப்படுத்துவதும் நல்ல பயிற்சி. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: தொண்டையிலிருந்தோ புண்ணிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ எதையும் வளர்க்கக் கூடாது. தயிரோடும் மதுவத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பயன்படுத்திய கிண்ணங்களை வெளிற்றும் தூள் கரைசலில் ஊறவைத்த பிறகே வீசுங்கள்.

பாடசாலையைத் தெரிவு செய்யும் பெற்றோர், கட்டடத்தையும் புதிய உபகரணங்களையும் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். பதின்மூன்றாம் தரத்து மாணவர்கள் மூவரின் செயன்முறைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எண்கள் இருந்தால், கரும்பலகையிலிருந்து எழுதப்பட்டவை. எண்கள் வேறுபட்டு, ஏதோ ஒரு பக்கத்தில் "எதிர்பார்த்த நிறம் வரவில்லை, கழுவிய நேரம் கூடிவிட்டது, திரும்பச் செய்தோம்" என்பது போல ஒரு வரி இருந்தால், எந்தப் பிரிவானாலும் அங்கே சேருங்கள்.