மலைநாட்டு ஓட்டத்துக்கு மெகாஸ்குவர்ட்: சென்சர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் போய்வரும் காருக்கு ஒரே பகலில் இரண்டு காலநிலை. விடியற்காலைப் பனிமூட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்றால், அவிசாவளை தாண்டும்போது 32. என்னுடைய ஏஈ100 கொரோலாவில் கம்பனி ஈசியூவை (எஞ்சினுக்குப் பெற்றோலையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கும் கணினிப் பெட்டி) கழற்றி, நாமே செட் பண்ணக்கூடிய மெகாஸ்குவர்ட் 2 என்ற ஈசியூவைப் போட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெட்டியில் பெரிய குறை ஒன்றும் காணவில்லை. பாடாய்ப் படுத்தியது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் அந்தச் சின்னச் சென்சர்தான்.

மெகாஸ்குவர்ட் வேலை செய்யும் முறையில் காற்றின் அளவை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மெனிஃபோல்டின் (காற்றை எஞ்சினுக்குள் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து ஈசியூ அந்த அளவையும் அதற்குத் தேவையான பெற்றோலையும் கணக்குப் போடுகிறது. உயரத்தை அழுத்தச் சென்சரே பார்த்துக்கொள்ளும். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆனாலும் கார் சிணுங்காமல் ஏறும். வெப்பத்தில்தான் வில்லங்கம். 10 பாகைக் காற்றைவிட 30 பாகைக் காற்று ஏறத்தாழ 6.6 சதவீதம் ஐதானது. மூன்று பாகைக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைப் பூட்டித் தந்த கராஜில் சென்சரை மெனிஃபோல்டிலேயே துளைபோட்டு இறுக்கியிருந்தார்கள். ஓடும்போது வித்தியாசம் தெரியாது. கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்திவிட்டுக் கால் மணி நேரத்தில் ஸ்டார்ட் பண்ணினால்தான் கூத்து: ஐட்லிங் தடுமாறும், முதல் கியரில் இழுக்காது. லப்டொப்பில் லொக் எடுத்துப் பார்த்தால் காற்று 65 பாகை என்று காட்டியது. உண்மையில் உள்ளே போனது 40 இருந்தால் அதிகம். சென்சர் அளந்தது சூடேறிய அலுமினியத்தை. 65 என்று நம்பும் ஈசியூ பெற்றோலை 7 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும், 14.7 ஆக இருக்கவேண்டிய காற்று-பெற்றோல் விகிதம் 15.9 ஆகிவிடும். புகைக்குழாயில் உள்ள ஒக்சிசன் சென்சரும் சூடாகி வேலை தொடங்கும்வரை அதைச் சரிக்கட்ட ஆளில்லை.

அந்த நேரத்தில் பெற்றோல் மேப்பில் (எந்த நிலைக்கு எவ்வளவு பெற்றோல் என்ற அட்டவணை) கை வைக்கவே கூடாது. பகல் சூட்டில் கூட்டிவிட்டால் மறுநாள் குளிரில் ரிச் ஆகி (காற்றுக்குப் பெற்றோல் கூடிப்போய்க்) கறுப்புப் புகை கக்கும். பிறகு அதைக் குறைக்க, இதைக் கூட்ட என்று முடிவில்லாமல் போகும்.

சென்சரை எயார் ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸுக்கு மாற்றினேன். சுற்றிலும் இரும்பு மூடாத, முனை திறந்த வகைச் சென்சர் நல்லது. வெப்பம் மாறியதும் காட்டிவிடும். ஹொட் ஸ்டார்ட் தொல்லை அன்றோடு போனது. ஆனால் இப்போது எதிர்ப்பக்கச் சிக்கல். தலவாக்கலைப் பக்கம் லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போது காற்று மெதுவாகப் போவதால் மெனிஃபோல்டுக்குள் உண்மையாகவே சூடாகிவிடுகிறது. ஹோஸில் உள்ள சென்சருக்கு அது தெரியாது, அதனால் கொஞ்சம் ரிச். இதற்கென்றே காற்று வெப்பத்தையும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தையும் கலந்து பார்க்கும் அட்டவணை ஒன்று மெகாஸ்குவர்டில் இருக்கிறது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் கூலன்ட் பக்கம் சாய்த்தும், கூடிய இடத்தில் சென்சரை அப்படியே நம்பியும் வைத்தேன். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசு எனக்குத் தேறியது இந்த ஒரு அட்டவணையால்தான்.

92 ஒக்டேன் அடிப்பவர்கள் காற்று சூடாகும்போது இக்னிஷனையும் (தீப்பொறி விழும் நேரம்) சுழற்சிக் கோணத்தில் ஒன்றிரண்டு பாகை பின்தள்ளி வைப்பது நல்லது. ஏற்றத்தில் நொக்கிங் (எரிபொருள் முறைதவறி வெடிக்கும்) சத்தம் கேட்டபிறகு செய்வோம் என்று இருக்கவேண்டாம்.

கார்பரேட்டர் வைத்த மினிக்காரர்களுக்கு இந்தத் தலையிடி கிடையாது என்பார்கள். அவர்களுக்கு உயரம் ஏற ஏற ரிச் ஆகும் தலையிடி தனியாக இருக்கிறது.

பராமரிப்பு என்று பார்த்தால், பிரீதர் குழாயால் (எஞ்சின் உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வரும் எண்ணெய் சென்சர் முனையில் படியும். படிந்தால் மெதுவாகத்தான் காட்டும். ஃபில்டர் மாற்றும்போது அதையும் கழற்றித் துடைத்துவிடுவேன். பெற்றோல் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக இல்லை. கம்பனி ஈசியூ ஒழுங்காக வேலை செய்கிற கார் என்றால் அதைக் கழற்றத் தேவையில்லை. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இன்ஜெக்டர் (பெற்றோலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றியவர்கள் மட்டும் யோசிக்கலாம்.